நர்மதை வலத்தில் ஒரு நாள்

தெய்வத் திருவுருவை வலம் வருதல் வழிபாட்டின் ஓர் அங்கம். கோயிலை வலம் வருவோர் உண்டு. மலையை வலம் வருவோரும் உண்டு. ஒரு முழு நதியையே அன்னையின் திருமேனியாகக் கருதி, அது தோன்றும் இடம் முதல் கடலில் கலக்கும் இடம் வரை கால்நடையாக வலம் வரும் மரபு நர்மதைக் கரையில் இன்றும் உயிரோடு திகழ்கிறது.

மத்தியப் பிரதேசத்தில், மைகல் மலைத்தொடரிலுள்ள அமர்கண்டகத்தில் பிறக்கும் நர்மதை, விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் இடையே மேற்கு நோக்கி 1,312 கி.மீ. ஓடி, குஜராத்தில் பரூச் நகருக்கு அப்பால் கடலில் கலக்கிறது. இரு கரைகளையும் சேர்த்தால் வழி ஏறத்தாழ 2,600 கி.மீ. மரபுவழிக் கணக்கின்படி இதற்குரிய காலம் 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள். இன்று பலர் சில மாதங்களில் முடிக்கின்றனர். ஓவியரும் எழுத்தாளருமான அமிருத்லால் வேகட் (1928–2018) போன்றோர், 1977-இல் தொடங்கி, பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக நடந்தனர்.

வழி நெடியது. ஆயினும் அது கற்பிக்கும் பாடத்தைத் தனியே நடக்கும் ஒருவரின் ஒரே நாளிலும் காணலாம்.

நியமங்கள்

நதி எப்போதும் வலக்கைப் பக்கமே இருத்தல் வேண்டும். துணையாறுகளைக் கடக்கலாம், நர்மதையைக் குறுக்கே கடக்கலாகாது. கடந்தால் வலம் முறிந்துவிடும். கடல்முகத்தில் மட்டும், தென்கரையிலுள்ள விமலேசுவரத்திலிருந்து வடகரையிலுள்ள மீட்டி தலாய்க்குப் படகில் செல்வர். மழைக்காலத்தின் சாதுர்மாஸ்ய விரத நாட்களில் ஓரிடத்தில் தங்குவர். பொருள் சேர்த்து வைப்பதில்லை. கிடைத்ததை ஏற்று, தங்க இடம் தந்த இடத்தில் தங்குவர்.

ஓங்காரேசுவரத்தில் சங்கற்பம் செய்துகொள்வோர் பலர். அங்குள்ள கோயில் ஆற்றிடைத் தீவில் அமைந்துள்ளது. ஆதலால் வலத்தை நிறைவு செய்த பின்னரே அங்கு சென்று இறைவனுக்கு நர்மதை நீரைச் சாத்துவர். அதுவரை கண்ணெதிரே தெரியும் சந்நிதிகூட எட்டாத தொலைவில்தான் இருக்கிறது.

விடியல்

சங்கற்பம் முடிந்து சில நாட்களே ஆகியுள்ளன. தென்கரையில் மேற்கு நோக்கி நடப்பவர் நிமாட் பகுதியை அடைந்திருக்கிறார். மார்கழிக் குளிர். தர்மசாலைத் திண்ணையில் கண் விழித்தவருக்கு முதலில் நினைவுக்கு வருவது இறைவன் திருநாமமன்று, பாதத்துக் கொப்புளங்கள்தாம்.

நதியில் நீராடுகிறார், சோப்பு பயன்படுத்துவதில்லை. உடன் கொண்டுவரும் சிறு பாத்திரத்து நர்மதை நீருக்குத் தீபம் காட்டுகிறார். ஆதிசங்கரர் இயற்றியதாக மரபு போற்றும் நர்மதாஷ்டகத்தைப் பாடுகிறார். பிறகு பையைத் தூக்குகிறார். வீட்டில் இன்றியமையாதவை என்று தோன்றிய பொருள்கள் எல்லாம் இப்போது தோளை அழுத்துகின்றன. கூடுதல் போர்வையும் இரண்டாவது பாத்திரமும் அன்றே யாருக்கோ தானமாகிவிடுகின்றன. பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாகக் கூறும் அபரிக்கிரகத்தை, அதாவது பொருள் சேர்க்காமையை, நூலில் படித்தபோது அறிவு ஒப்புக்கொண்டது. இப்போது அதைத் தோள் ஒப்புக்கொள்கிறது.

ஏற்கும் கை

பருத்தி, மிளகாய் வயல்களின் ஓரமாக வழி செல்கிறது. எதிர்ப்படுவோர் ‘நர்மதே ஹர்’ என்று வாழ்த்துகின்றனர். நண்பகலில் ஓர் எளிய வீட்டு வாசலில் இருந்து குரல் கேட்கிறது: “எத்தனை மூர்த்திகள்?”

வலம் வருவோரை இத்தனை பேர் என்று எண்ணாமல், இத்தனை மூர்த்திகள் என்று எண்ணுவது அக்கரையோர வழக்கு. புழுதி படிந்து, நொண்டி நொண்டி வரும் ஒருவரிடம் அவ்வீட்டார் தெய்வத் திருவுருவைக் காண்கின்றனர். வந்தவரின் படிப்பு என்ன, பதவி என்ன என்று கேட்பாரில்லை. கோதுமை மாவும் பருப்பும் உப்பும் அளிக்கப்படுகின்றன. ‘சதாவிரதம்’ எனப்படும் இந்த அன்னதானத்தை ஏற்று, அவரே அடுப்பு மூட்டி, ‘டிக்கட்’ என்னும் தடித்த ரொட்டியைச் சுட்டு உண்கிறார்.

வாழ்நாள் முழுதும் கொடுத்துப் பழகிய கைக்கு ஏற்பது எளிதன்று. கொடுக்கும்போது உள்ளத்தின் ஒரு மூலையில் ‘நான் கொடுக்கிறேன்’ என்ற எண்ணம் ஒளிந்திருக்கும். ஏற்கும்போது அதற்கு இடமில்லை. ஆனால் இங்கே வேறோர் அபாயமும் உண்டு. முதல் வாரத்துக் கூச்சம், அடுத்த மாதத்தில் பழக்கமாகிவிடலாம். எந்த ஆசிரமத்தில் நெய் தருவார்கள், எங்கே மெத்தை கிடைக்கும் என்று மனம் கணக்கிடத் தொடங்கலாம். அப்போது பிச்சை உரிமையாகிறது. வலம் வெறும் பயணமாகிறது. ‘மூர்த்தி’ என்று அழைத்தவரின் பார்வைக்குத் தான் தகுதியானவனா என்ற கேள்வியே இதற்கு மருந்து.

சாட்சியற்ற சோதனை

மாலையில் நாவ்டாடோலியை அடைகிறார். படகோட்டிகளின் குடியிருப்பு என்று பொருள்படும் அவ்வூரில், 1950-களில் அகழாய்வு செய்தபோது 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பு வெளிப்பட்டது. நேர் எதிரே வடகரையில் மகேசுவரம். 1767 முதல் 1795 வரை அரசாண்ட அகல்யாபாய் ஹோல்கரின் தலைநகரம் அது. கோட்டையும் கோயில்களும் படித்துறைகளும் அந்தி வெயிலில் பொன்னாய் மின்னுகின்றன.

அங்கே மருந்து உண்டு. நல்ல தங்குமிடம் உண்டு. படகில் ஏறினால் சில நிமிடங்களில் சென்றுவிடலாம். முழங்கால் வலிக்கிறது. இரவு தங்க இடம் இன்னும் உறுதியாகவில்லை. காலையில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? உடன் வருபவர் எவருமில்லை, கண்காணிப்பவரும் இல்லை.

தனியே நடப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. கூட்டத்தோடு செல்பவரைக் கூட்டமே நியமத்தில் நிறுத்தும். தனியே செல்பவரைத் தாமே எடுத்த சங்கற்பம் ஒன்றுதான் நிறுத்த வேண்டும். பிறர் பார்வைக்காகக் காக்கும் விரதம், பார்ப்பவர் அகன்றதும் தளர்ந்துவிடும். யாரும் காணாத இடத்தில் காக்கப்படுவதே இறைவனுக்கு உரியதாகிறது.

அவர் படகுகளைப் பார்க்கிறார், கைகூப்புகிறார், மேற்கே நடக்கிறார். மகேசுவரத்துக்கு அவரும் செல்வார். ஆனால் கடல் வரை நடந்து, கடல்முகத்தைக் கடந்து, வடகரை வழியே திரும்பி வரும்போதுதான். சில நிமிடத் தொலைவிலுள்ள ஊரை அடையப் பல வாரங்கள் நடக்க அவர் இசைந்துவிட்டார்.

கரைகள் மாறினாலும்

இந்த வழி பழையபடியே இல்லை. இந்திரா சாகர் அணைக்காக 2004-இல் ஹர்சூத் நகரம் காலி செய்யப்பட்டது. சர்தார் சரோவர் அணை 2017-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பழைய பாதைகளும், கரையோர ஊர்களும், சூலபாணேசுவரர் கோயில் இருந்த பழைய இடமும் நீரில் மூழ்கின. தலைமுறை தலைமுறையாக அன்னமிட்ட குடும்பங்கள் பல, தம் அடுப்பையே வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. அத்தகையோர் கையால் ஏற்கும் ஒரு பிடி மாவின் மதிப்பை வலம் வருபவர் உணர்தல் வேண்டும்.

சாதகர்க்கு

எல்லோரும் நர்மதைக் கரைக்குச் செல்ல இயலாது. செல்ல வேண்டியதும் இல்லை. நாள்தோறும் இத்தனை நேரம் ஜபம் செய்வேன் என்று உறுதி பூண்டவருக்கும் ஒரு மறுகரை உண்டு. களைத்த மாலையில் அது மிக அருகில் தெரியும். படகும் ஆயத்தமாக நிற்கும். ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று மனம் அழைக்கும். அவ்வேளையில் நீண்ட வழி முழுவதையும் எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. நதி வலக்கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த ஊர் வரை நடந்தால் போதும்.