வெட்டத் தெரியாமல் வலை பொத்தாதீர்கள்

வலை பொத்தப் பழக வருகிற பொடியன்கள் முதலில் ஊசியைத்தான் கேட்பார்கள். நான் கத்தியைக் கொடுப்பேன். கிழிசலைச் சுற்றியுள்ள நல்ல கண்களையும் சேர்த்து வெட்டு என்றால் முகம் சுருங்கும். நாலு விரல் ஓட்டையை எட்டு விரலாக்கச் சொல்கிறானே என்று யோசிப்பார்கள். பெரியப்பா சொன்னபோது நானும் அப்படித்தான் முழித்தேன்.

மூன்று நூல்கால் நிற்கிற முடிச்சு ஒன்றில் தொடங்கி, அதேபோல இன்னொன்றில் முடிக்க வேண்டும். இடையில் உள்ளவை இரண்டு காலோடு நிற்கும்படி வெட்டிச் சீராக்க வேண்டும். அப்போதுதான் புதுக்கண் பழைய கண்ணின் அளவுக்கு வந்து உட்காரும். முடிச்சு ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். எங்கே வெட்டுவது என்று கண்ணுக்குப் பிடிபட எத்தனையோ வாடைக்காலம் போகும். ஊசியில் நூல் சுற்றுவதையெல்லாம் பார்த்தே பழகலாம். நைலோன் வழுக்கும், இறுக்கி இழுங்கள். அவ்வளவுதான்.

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு கரைவலையில் நின்ற பருவத்தில், மீன் சேரும் மடியில் ஒரு முழக் கிழிசல். சூடை மீன் கரைக்கு ஏறியிருந்தது. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அந்தரம். "வெட்டிக்கொண்டு நிக்காத தம்பி, சுருக்கிக் கட்டிவிடு" என்றார். மாட்டேன் என்றேன். தானே கட்டினார். சுருக்கிக் கட்டிய இடத்தில் வலை விரியாது. மீன் நிறையும்போது பாரமெல்லாம் பக்கத்துக் கண்களில் விழும். ஆள் இழுத்தால் கொஞ்சம் இளக்கிக் கொடுப்பான். உழவு இயந்திரத்து வின்ச்சுக்கு அது தெரியுமா? கரை தட்டுகிற நேரம் மடி பிளந்தது. அவ்வளவு சூடையும் கடலோடு போனது. பழி எனக்கு! "பொத்தினவன் சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்லி, அந்தப் பருவம் முழுக்க என் பங்கில் வெட்டினார். அதை நம்பித் தலையாட்டியவர்கள்தான் இப்போது கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் என்னிடம் வலையோடு வந்து நிற்கிறார்கள். கூலியில் ஒரு சதமும் குறைப்பதில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகப் படகும் வலையும் வந்து குவிந்தபோது, ஊசியும் கையுமாக இருந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கிழிந்தால் எறி, புதிது வரும் என்பது பேச்சு. பிறகு 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரேயடியாக ஏறியது. எஞ்சினுக்கு எண்ணெய் அடிக்கவே வழியில்லாதவன் புதுவலைக்கு எங்கே போவான்? மீன்வாடி மூலைகளில் எலி கடித்துக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கும். பழக விருப்பமென்றால் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கிற நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பங்குனிக்குப் பிறகு வராதீர்கள், சொல்லித்தர நேரமிருக்காது.