சீட்டின்றிச் செல்வார்க்குரிய தண்டம்

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்று வாலாஜா சாலைக்கு ஓடிற்று. அன்றுதொட்டுச் செல்வரும் வறியரும் ஒரே வண்டியில் நெடுந்தொலைவு செல்லுதல் இயல்வதாயிற்று. அவ்வண்டியில் ஏறும் உரிமையை நமக்கு அளிப்பது ஒரு சிறு சீட்டே. அஃதின்றி அகப்படுவார்க்கு நேர்வது யாது, அந்நிலையில் அவர் செய்யக்கடவது யாது என்னும் இரண்டையும் ஈண்டு ஆராய்வாம்.

1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் சீட்டின்மையை இருவகையாக வைத்து நோக்குகின்றது. ஏமாற்றும் எண்ணத்தோடு செல்லுதல் ஒன்று. அவ்வெண்ணம் மெய்ப்பிக்கப்படாது சீட்டு மட்டும் இல்லாதிருத்தல் மற்றொன்று. முன்னையது 137-ஆம் பிரிவின்பாற்படும். அதற்கு ஆறு திங்கள்வரை சிறையேனும், ரூ. 1,000 வரை அபராதமேனும், இரண்டுமேனும் விதிக்கப்படலாம். பின்னையது 138-ஆம் பிரிவின்பாற்படும். அதற்குப் பயணக் கட்டணமும் மிகைக் கட்டணமும் செலுத்துதல் போதும்.

மிகைக் கட்டணமாவது, பயணக் கட்டணத்திற்கு ஒத்த தொகை, அல்லது ரூ. 250, இவற்றுள் எது மிகுதியோ அது. கட்டணம் ரூ. 40 ஆயின் செலுத்த வேண்டுவது ரூ. 290, ரூ. 400 ஆயின் ரூ. 800. ஏறிய நிலையம் இன்னதென்பதில் ஐயம் எழுமாயின், வண்டி புறப்பட்ட நிலையத்திலிருந்தே தொலைவு கணக்கிடப்படும். இடையில் சீட்டுகள் பரிசோதிக்கப்பட்டிருப்பின் அவ்விடத்திலிருந்து கணக்கிடப்படும். சீட்டு வாங்கியும் கேட்டவுடன் காட்டவியலாதவரும் இப்பிரிவுக்கு உட்படுவர். ஆதலின் கைப்பேசியில் சீட்டுடையார் அதன் மின்னூட்டத்தைக் காத்தல் வேண்டும். இணையவழிப் பெற்ற முன்பதிவுச் சீட்டு இறுதிவரை காத்திருப்போர் பட்டியலிலேயே நிற்குமாயின், அது தானே நீக்கப்படும். அதனைக் காட்டி ஏறுவார் சீட்டில்லாதவரே ஆவர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.

இனி, விரைவினால் சீட்டு வாங்கவியலாதார்க்குச் சட்டமே ஒரு வழி திறந்து வைத்துளது. ஏறுமுன் அதிகாரம் பெற்ற இரயில்வே ஊழியரிடம் நிலைமையை உரைத்து, பின்னர்க் கட்டணம் செலுத்துவதாக உடன்பட்டு, அனுமதிச் சான்று பெறுவார்க்கு மிகைக் கட்டணம் இல்லை. முன்னர்ச் சொல்லுதலும் அகப்பட்டபின் சொல்லுதலும் ஒன்றாகா.

சான்றின்றி அகப்பட்டாலோ, ஒளிதலும் வழக்காடுதலும் பயனில. ஏறிய இடத்தை மெய்யாகக் கூறித் தொகையைச் செலுத்தி இரசீது பெறுதலே முறை. கையிற் பொருளில்லையாயின் அதனை மறையாது உரைத்தல் நன்று. செலுத்தாதாரை வண்டியினின்று இறக்கலாம். நீதித்துறை நடுவர் வாயிலாகத் தொகையைத் தண்டவும் செய்யலாம். அந்நடுவர் கட்டளைக்குப் பின்னும் செலுத்தாதார்க்குப் பத்து நாட்குக் குறையாது ஒரு திங்கள்வரை சிறை நேரும். எனினும், ஆண்துணையின்றிச் செல்லும் பெண்டிரையும் சிறாரையும் புறப்பட்ட நிலையம், சந்திப்பு, முடிவு நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் ஆகியவற்றிலன்றி வேறிடத்து இறக்கலாகாது. அதுவும் பகற்பொழுதிலேயே ஆம். தண்டிக்கும் சட்டத்தின்கண்ணும் இரக்கம் உறைதலை இங்குக் காண்கிறோம்.

இவ்விடத்தே வேறொரு சோதனையும் உண்டு. இரசீது வேண்டாவெனின் பாதித் தொகை போதும் எனப் பேசி முடிக்கும் வழக்கம் அது. மறதியாக இருந்ததைக் கையூட்டு ஆக்கி, ஒருவர் பிழையை இருவர் குற்றமாகப் பெருக்குவது அது. முழுத்தொகை பையை மட்டும் இளைக்கச் செய்யும்; பாதித்தொகையோ நெஞ்சை இளைக்கச் செய்யும்.

“நாம் ஏறாவிடினும் வண்டி ஓடத்தானே செய்யும், யாருக்கு நட்டம்?” என்பாரும் உளர். அவ்வாறு எல்லாரும் எண்ணின் வண்டியை ஓட்டுவார் யார்? கூலிவேலை செய்து சீட்டு வாங்கி நிற்கும் ஏழையின் இடத்தையன்றோ நாம் விலையின்றிக் கவர்கின்றோம்? ஆயக்காரனாகிய சகேயு, தான் வஞ்சித்துப் பெற்றிருந்தால் அதனை நான்கு மடங்காகத் திரும்பத் தருவதாக ஆண்டவர் திருமுன் உரைத்தான். அவனை அதற்கு எந்தப் பரிசோதகரும் நெருக்கவில்லை. சட்டம் வேண்டுவதோ அதனினும் எளிது: சீட்டு வாங்குக, இயலாவிடின் முன்னரே சொல்லுக, தவறின் முழுவதும் செலுத்தி இரசீது பெறுக. கல்லூரியிற் கற்கும் நேர்மை இரயில் நிலையத்திலும் நம்மொடு வருமாக.