பத்து நாள் குழந்தையும் ஒரு டாக்டர் பட்டமும்

சரித்திரக் கதை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? குதிரை, கோட்டை, சுரங்கப்பாதை, மாறுவேஷத்தில் ஓர் ஒற்றன்! வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ராஜா ராணி இல்லாமல் சரித்திரக் கதையா என்றுதான் கேட்போம்.

இருக்கிறது. அதில் வாளும் இல்லை, போர்க்களமும் இல்லை. ஒரு போஸ்டாபீஸ் குமாஸ்தாவின் வீடு. அங்கே பதினாலு வயசுப் பெண் ஒருத்தி பிள்ளை பெறுகிறாள். அந்தக் குழந்தை பத்து நாள்தான் உயிரோடு இருந்தது. அந்தச் சாவிலிருந்துதான் கதை புறப்படுகிறது.

நம் நாட்டின் ஆரம்பகாலப் பெண் டாக்டர்களைப் பற்றிய கதைகளைத்தான் சொல்கிறேன். கதை என்ற அளவில் படித்தாலே சுவையாக இருக்கும். ஆனால், ஒரு வைத்தியன் என்ற முறையில் நான் வேறு மாதிரியும் படிக்கச் சொல்வேன். நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்கள் விசாரிப்போமே... உபாதை எப்போது ஆரம்பித்தது? யாரிடம் சொன்னாள்? சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை? அந்த மாதிரி விசாரித்துக்கொண்டே படித்தால், நூறு வருஷத்துக்கு முந்தைய கதை நம் வீட்டுக் கதையாக மாறிவிடும்.

யார் இந்த ஆனந்தி?

மராத்தியில் ஸ்ரீ. ஜ. ஜோஷி எழுதி 1968-ல் வெளிவந்த நாவல் 'ஆனந்தி கோபால்'. பிறகு நாடகமாயிற்று, 1992-ல் ஆங்கிலத்தில் சுருக்கமாக வந்தது, 2019-ல் இதே பெயரில் ஒரு மராத்திப் படமும் வந்தது.

கதாநாயகி நிஜமானவள். 1865-ல் பம்பாயை அடுத்த கல்யாண் ஊரில் பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. ஒன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷிக்கு அவளைவிட ஏறக்குறைய இருபது வயது கூடுதல். அவர்தான் 'ஆனந்தி' என்று பெயர் மாற்றினார். தபால் இலாகா உத்தியோகம் என்பதால் அலிபாக், கோலாப்பூர், புஜ், கல்கத்தா என்று ஊர் ஊராக மாற்றல். மனைவி படித்தே ஆகவேண்டும் என்பதில் மனிதர் வெறியாக இருந்தார்.

குழந்தை தக்க வைத்தியம் கிடைக்காமல் இறந்தபோது, அவள் மனசில் ஒரு முடிவு விழுந்தது. 'நானே டாக்டராவேன்.'

1880-ல் கோபால்ராவ் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். அது அங்கே ஒரு பத்திரிகையில் அச்சாயிற்று. பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் அதைப் படித்தார் தியோடிசியா கார்பென்டர் என்ற குடும்பத் தலைவி. முன்பின் தெரியாத அந்த அம்மாளுக்கும் ஆனந்திக்கும் கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. 1883-ல், பதினெட்டு வயதில், கணவர் துணையில்லாமல் கப்பலேறினாள் ஆனந்தி. பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1886 மார்ச் 11-ம் தேதி எம்.டி. பட்டம் வாங்கினாள். அதே 1886-ல் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் மருத்துவத்தில் தேறினார்.

ஆனந்தி ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? நம் நாட்டுப் பழைய மருத்துவத்தில் பிரசவம்! ஆயுர்வேத நூல்களையும் அமெரிக்கப் பாடப் புத்தகங்களையும் ஒன்றாக வைத்து எழுதினாள். பாரம்பரிய மருத்துவம் படித்த எனக்கு இது பெருமையாக இருக்கிறது. பத்து நாளில் போன பிள்ளையை அவள் மறக்கவில்லை என்பதையும் இதில் நான் பார்க்கிறேன்.

எது நிஜம், எது கற்பனை?

இப்படிப்பட்ட நாவலைப் படிக்கும்போது இந்தச் சந்தேகம் வரும். சுலபமான வழி ஒன்று உண்டு. தேதி, ஊர், பட்டம், கடிதம், மேடைப் பேச்சு... இவை நிஜம். காசிபாய் கானிட்கர் மராத்தியில் எழுதி 1912-ல் வந்த வாழ்க்கை வரலாறு இதற்கெல்லாம் ஆதாரமாக இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசினார்கள், அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்பதெல்லாம் நாவலாசிரியர் இட்டு நிரப்பியது.

அதனால் கற்பனைப் பகுதி பொய் என்று தள்ளிவிடாதீர்கள். கோபால்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தியாகியா, கொடுமைக்காரரா? பத்து வயசில் கட்டையால் அடித்ததையும், பன்னிரண்டு வயசில் நாற்காலியையும் புத்தகத்தையும் மேலே வீசியதையும் ஆனந்தி அமெரிக்காவிலிருந்து அவருக்கே எழுதியிருக்கிறாள். நீங்கள் என்னை நடத்திய விதம் நல்லதா கெட்டதா என்றால் இரண்டும்தான் என்ற பொருளில் அந்தக் கடிதம் போகிறது. அப்படிப்பட்ட மனிதரோடு ஒரே வீட்டில் வாழ்வது எப்படி இருந்திருக்கும்? இதைக் காட்டத் தேதிகள் போதாது, நாவல்தான் வேண்டும். நாவலின் பெயரிலேயே அவள் பெயரோடு அவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்!

சென்னையின் பங்கு

கப்பலேறுமுன் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஆனந்தி ஒரு சொற்பொழிவு செய்தாள். ஏன் அமெரிக்கா போகிறேன் என்பதற்கு விளக்கம். இங்கே பெண் டாக்டர்கள் மிகவும் தேவை, ஆண் டாக்டரிடம் காட்ட நம் பெண்கள் கூசுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னாள். அதில் நம் சென்னையும் வருகிறது. சென்னையில் ஒரு கல்லூரி இருக்கிறது, ஆனால் அங்கே கிடைக்கும் படிப்பு போதாது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஒரு பாரிஸ்டரின் மனைவி. பிரசவத்தில் நம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே படும் பாட்டைக் கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர். இங்கே முடித்து, லண்டனிலும் படித்துத் திரும்பி, 1885-ல் சென்னையில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி அதுதான். பழைய ஆட்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். கோஷா என்றால் பெண்கள் திரைமறைவில் ஒதுங்கி இருக்கும் வழக்கம். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களுக்காக எழுந்த ஆஸ்பத்திரி என்பதைப் பெயரே சொல்கிறது.

அதே மருத்துவக் கல்லூரியில் 1878-ல் சேர்ந்தவர் கிருபாபாய். அகமத்நகரிலிருந்து வந்த மராத்தியக் கிறிஸ்தவப் பெண். முதல் வருஷம் பிரமாதமாகப் படித்தார். அதற்குள் உடம்பு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. படிப்பு நின்றது. பிறகு சாமுவேல் சத்தியநாதனை மணந்து, கிருபாபாய் சத்தியநாதன் ஆனார். தன் வாழ்க்கையையே 'சகுணா' என்ற ஆங்கில நாவலாக்கினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 1887-88-ல் வந்த தொடர்கதை அது! டாக்டர் ஆக முடியாமல் போன பெண்ணின் கதையும் நமக்கு வேண்டியதுதான். 1894-ல், 32 வயதில், அவர் காலமானார்.

வைத்தியன் கண்ணில் பட்டது

இப்போது விசாரணைக்கு வருவோம். ஆனந்தியின் உடம்பு என்ன சொல்கிறது?

பதினாலு வயதில் பிரசவம். கப்பலேறும் முன்பே பலவீனம், ஓயாத தலைவலி, அவ்வப்போது காய்ச்சல், மூச்சிரைப்பு. கார்பென்டர் அம்மாள் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பிப் பார்த்தார், கேட்கவில்லை. அந்த உடம்போடு போய்ச் சேர்ந்த ஊரோ கடும் குளிர். பழகாத சாப்பாடு. நோய் முற்றியது. சயரோகம்... எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் சொன்ன காசநோய்.

பட்டத்தோடு 1886 கடைசியில் ஊர் திரும்பினாள். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவைக் கவனிக்க அவளுக்கு நியமனம் காத்திருந்தது. போய்ச் சேரவே இல்லை. 1887 பிப்ரவரி 26-ல் புனாவில் உயிர் பிரிந்தது. 22 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்திருந்தார். கிருமி தெரிந்தது, அதைக் கொல்லும் மருந்து அன்று எந்த மருத்துவ முறையிலும் கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் குணமாவது போலவே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்த ஆராய்ச்சி நம் சென்னையில்தான் நடந்தது. ஆனந்தி இறந்து 72 வருஷம் கழித்து!

அவளுக்கு மருந்து இல்லை. நமக்கு இருக்கிறது. அவள் காலத்தில் காட்டுவதற்குப் பெண் டாக்டர் இல்லை. இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஆனாலும் 'அதெல்லாம் ஒண்ணுமில்லே, தானா சரியாப் போயிடும்' என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. வைத்தியசாலைக்கு வரும் பெண்களைப் பார்க்கிறேன். நாலு மாசமாக உதிரப்போக்கு இருக்கும். கூட வந்த புருஷன்தான் பேசுவார், 'கொஞ்சம் அசதிங்க' என்பார். அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கதையிலிருந்து வீட்டுக்கு

ஆகவே, இந்தக் கதைகளிலிருந்து நாலு விஷயங்களை எடுத்து முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பச்சைக் குழந்தை: பிறந்து ஒரு மாசத்துக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, வேகமாக மூச்சு வாங்கினால், வெட்டு இழுத்தால், துவண்டு கிடந்தால், தொப்புள் சிவந்து சீழ் வைத்தால் உடனே ஆஸ்பத்திரி. உரை மருந்து இழைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன்.

2. வயசு: பெண்ணுக்குத் திருமண வயது குறைந்தது 18 என்று சட்டம் சொல்கிறது. உடம்பும் அதையேதான் சொல்கிறது. வளர்கிற பெண் கருவுற்றால் தாய்க்குச் சோகை, குழந்தைக்கு எடைக்குறைவு, பிரசவத்தில் சிக்கல் எல்லாம் வரிசையாக வரும்.

3. பேசாத உபாதைகள்: பெரும்பாடு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி உதிரம், மார்பில் கட்டி. இந்த நாலில் எது இருந்தாலும் ஒத்திப்போடாதீர்கள். வலி இல்லாத கட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. பெண் மருத்துவரிடம் காட்டத்தான் மனம் ஒப்புகிறதென்றால் தாராளமாக அப்படியே செய்யுங்கள். அதற்காகத்தானே ஆனந்தி கப்பலேறினாள்?

4. இருமல்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், சளியில் ரத்தம். இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆடாதோடை மணப்பாகு இருமலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோய் மருந்து இலவசம். சாதாரண வகைக் காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட்டாலே குணமாகும். இரண்டு மாசத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். சித்த மருந்து சாப்பிட ஆசைப்பட்டால், இரு மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டுத் துணையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நாவல் கைக்குக் கிடைத்தால் வீட்டில் எல்லோரும் படியுங்கள், ஆண்கள் முக்கியமாக. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வேலை ஓய்ந்ததும், அம்மாவையோ மனைவியையோ மருமகளையோ பக்கத்தில் உட்காரவைத்து, 'உடம்புக்கு என்ன செய்யுது?' என்று கேளுங்கள். 'ஒண்ணுமில்லே' என்றுதான் முதலில் பதில் வரும். எழுந்து போய்விடாதீர்கள். இன்னொரு தரம் கேளுங்கள்.