கிணறு ஒன்று, கலைகள் பல

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு நிலத்தடி நீரை நம்பியே வாழ்கின்றது. அந்நீரைக் காத்தல் எத்துறையார் கடன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நம் காலடியிலுள்ள சுண்ணக்கல், துளையும் பிளவும் உடையதாய் மாரி மழையை உள்ளேற்கும் என்பது புவிச்சரிதவியல். அந்நன்னீர் அடர்த்தி மிக்க உவர்நீரின்மீது மிதக்கும் என்பது பௌதிகவியல். கடன்மட்டத்தின்மேல் நன்னீர் 1 அடி நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். ஆகவே, மேலே சிறிது குறையினும் காலப்போக்கிற் கீழிருந்து உவர் பெரிதும் ஏறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் காண்க.

இனி, இரசாயனவியல் கூறுவது யாது? தோட்டத்துப் பசளையிலும் மலகூடக் குழியிலுமுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறி, அப்பிளவுகளின் வழியே கிணற்றை அடைகின்றது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகின், அந்நீரிற் கரைத்த புட்டிப்பால் உண்ணும் குழவியரின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும் என மருத்துவம் எச்சரிக்கின்றது.

‘பசளையைக் குறைமின்’ என்று மட்டும் கூறின், கமக்காரரின் வருவாய்க்கு வழி யாது? அதனை விவசாயமும் பொருளியலும் ஒருங்கே கூறல் வேண்டும். மழைநீரைத் தேக்கப் பொறியியல் வேண்டும். தூர்ந்த குளங்களின் இடமறிய ஊர்ப்பெயராராய்ச்சியும் வேண்டும்.

நம் பழைய மாணவருள் இத்துறையார் பலர் உளர். அவர் ஒன்றுகூடி, மாரி கழிந்தும் கோடையிறுதியிலும் அயற்கிணறுகளின் நீரை மாணவரைக்கொண்டு சோதித்து ஆண்டுதோறும் பதிவுசெய்விப்பாராயின், அதுவே இவ்விழாவுக்குத் தக்க நினைவுப் பணியாம்.