தங்கவயலில் படம் பார்ப்பது: தியேட்டருக்கு எது, வீட்டுக்கு எது

ஒரு படத்தைத் தியேட்டரில் பார்க்கச் சொல்வதா, வீட்டில் பார்க்கச் சொல்வதா என்பதைப் பெரும்பாலும் அந்தப் படத்தின் இருட்டும் சத்தமும் முடிவு செய்கின்றன. கோலார் தங்கவயலில் அதிகம் பேசப்படும் சுரங்கப் படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2018 டிசம்பர் 21 அன்று வெளியான ‘கே.ஜி.எஃப்: சாப்டர் 1’ இதற்கு நல்ல உதாரணம். புவன் கௌடாவின் ஒளிப்பதிவில் சுரங்கக் காட்சிகள் கறுப்பும் பழுப்புமாக, தீப்பந்தத்தின் வெளிச்சத்தை நம்பியே எடுக்கப்பட்டவை. பகல் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்துவைத்து டிவியில் பார்த்தால் பாதிக் காட்சி கண்ணுக்கே தெரியாது. பார்ப்பவரின் முகம்தான் திரையில் தெரியும். ரவி பஸ்ரூரின் இசையும் டிவியோடு வரும் சின்ன ஸ்பீக்கருக்காகப் போட்டதல்ல. 2022 ஏப்ரல் 14 அன்று வந்த இரண்டாம் பாகத்துக்கும் இதே கதைதான். இரண்டையும் தியேட்டரில் தவறவிட்டவர்கள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ என்று இருப்பதை ‘சினிமா’ என்று மாற்றி, அசைவை வழுவழுப்பாக்கிக் காட்டும் வசதியையும் நிறுத்திவிட்டால் படம் ஓரளவுக்கு எடுத்தவர்கள் நினைத்தபடி தெரியும். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து மாட்டிக்கொடுத்த அமைப்பிலேயே வருஷக்கணக்கில் பார்க்கிற வீடுகள்தான் அதிகம்.

தங்கவயலில் ‘கே.ஜி.எஃப்’ படத்தைப் பரிந்துரைக்கும்போது இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இங்குள்ள சைனைட் மேட்டில் செட் போட்டு எடுத்திருந்தாலும் அதில் வரும் நராச்சி என்ற சுரங்கம் கற்பனை. படத்தில் 1951-இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. நிஜத்தில் 1875-இல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை நடத்தியது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. படத்துத் தொழிலாளிகள் வாய் திறக்காத அடிமைகள். இங்கே வேலை செய்தவர்களோ, கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னதற்காக 1930-இல் வேலைநிறுத்தமே செய்தவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும்வரை உள்ளே இறங்கிய ஒருவரிடம் ‘நம்ம ஊர்ப் படம்’ என்று சொல்லி அனுப்பினால் இடைவேளையிலேயே கோபத்தோடு வருவார். ‘சண்டைப் படம், ஊர் பேர் மட்டும் நம்முடையது’ என்று சொல்லி அனுப்பினால் விசிலடித்துப் பார்ப்பார்.

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024 ஆகஸ்ட் 15) வேறு வகை. வட ஆற்காட்டிலிருந்து தங்கம் தேடி வருகிறவர்களின் கதை என்பதால், தங்கவயலின் பல குடும்பங்களுக்கு அது பாட்டன் பூட்டன் கதை. இந்தப் படத்தை இரண்டு முறை பார்க்கச் சொல்வதே சரி. முதல் முறை தியேட்டரில்: வெட்டவெளி நிலம், மண் பூசிய உடம்புகள், ஜி.வி. பிரகாஷின் தாளம் எல்லாம் பெரிய திரைக்கு உரியவை. இரண்டாம் முறை வீட்டில், சப்டைட்டிலோடு. வட்டாரப் பேச்சும் பலர் சேர்ந்து கத்தும் காட்சிகளும் கலந்து வருவதால் தியேட்டரில் சில வசனங்கள் நழுவிவிடுகின்றன. கனவும் நிஜமும் மாறிமாறி வரும் பின்பாதிக்கு நிறுத்திப் பார்க்கும் வசதி பெரிய உதவி. விக்ரமின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் கதை வேகமாக நகர வேண்டும் என்பவருக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது.

சுரங்கத்தைப் பற்றிய பழைய படங்களுக்கு வீடே போதும். யஷ் சோப்ராவின் ‘காலா பத்தர்’ (1979), 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த விபத்தை ஒட்டி எடுக்கப்பட்டது. பாறை வெடிப்பில் ஆளை இழந்த வீடுகளில் அதைப் போடும்முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஜான் ஃபோர்டின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ (1941) வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் குடும்பம் ஒன்று பிள்ளைகளைப் பிழைப்புக்கு வெளியே அனுப்பிவிட்டுத் தேய்ந்துபோவதைச் சொல்கிறது. கறுப்பு வெள்ளை, ஆங்கிலம் என்று தயங்குபவர்கள்கூட, பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிற வீட்டுக்காரர்களாக இருந்தால், அரைமணி நேரத்துக்குள் ஒன்றிவிடுகிறார்கள். பேச்சையே நம்பி நகரும் ‘மெய்யழகன்’ (2024) போன்ற படமும் வீட்டுக்கு உகந்தது. தியேட்டருக்கு நீளம் அதிகம் என்று வெளியான பிறகு அதைச் சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள். சோபாவில் சாய்ந்து பார்ப்பவருக்கு அந்த நீளம் ஒரு குறையே அல்ல.

வயதானவர்களுக்குச் சொல்லும்போது காதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வருஷக்கணக்கில் துளைபோடும் மெஷினோடு வேலை செய்தவர்களுக்குக் காது மந்தப்படுவது சகஜம். இவர்களுக்குத் தியேட்டரின் அதிக சத்தம் தெளிவைத் தராது, இரைச்சலைத்தான் கூட்டும். வீட்டில் சப்டைட்டிலின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மொழி இங்கே தடையே இல்லை. கன்னடத்துக்கு டப்பிங் செய்வதைக் கர்நாடகத் திரைத்துறை பல பத்தாண்டுகள் தடுத்து வைத்திருந்தது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெருவிலேயே புழங்கும் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு அந்தச் சண்டையால் பெரிய நஷ்டமில்லை. ஆகவே பரிந்துரையில் எப்போதும் மூல மொழியையே சொல்லலாம். ‘கே.ஜி.எஃப்’ படத்தைக் கன்னடத்தில் கேட்பவருக்கு யஷ்ஷின் சொந்தக் குரல் கிடைக்கும்.

அடுத்தது தூரம். சாதாரணப் படத்துக்கு உள்ளூர்த் தியேட்டர் போதும். ஒலி அமைப்புக்காகப் பார்க்க வேண்டிய படமென்றால் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போக வேண்டும். லால்பாக் சாலையில் உள்ள ஊர்வசி மாதிரி பெரிய திரை கொண்ட தனித் தியேட்டர் அந்தப் பயணத்துக்குத் தகும். தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவரிடம் ஞாயிற்றுக்கிழமையும் அதே வழியில் போகச் சொல்வது கொடுமை. அவருக்கு வேலை முடிந்து அங்கேயே மாலைக் காட்சி பார்க்கும் நாளைச் சொல்லலாம், திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு. தமிழ்ப் படங்கள் பல நாலு வாரத்திலேயே ஓடிடிக்கு வந்துவிடுவதால், சந்தேகமான படத்துக்கு அலையாமல் காத்திருப்பதே மிச்சம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் சான்றிதழைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி யு/ஏ என்பது இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும்முன் வெளியான ‘கே.ஜி.எஃப்’, ‘தங்கலான்’ போன்ற படங்கள் பழைய யு/ஏ சான்றிதழோடுதான் இருக்கின்றன; இரண்டிலும் ரத்தம் அதிகம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இவற்றைத் தியேட்டரிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம்.