வீட்டுப் பாட்டுக்கு இணைய மாஸ்டரிங் போதுமா?

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வாடகை அறையிலேயே பாடி, மிக்ஸிங்கும் செய்கிறேன். மாஸ்டரிங்கை இணையச் சேவையிடம் விடலாமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: தாராளமாக விடலாம். 2014-இல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்த லேண்டர் போன்ற சேவைகள் சத்த அளவையும் ஒலியின் சமநிலையையும் சில நிமிடங்களில் சீராக்கிவிடும். ஆனால் பாட்டில் வரும் பறை உங்கள் குரலை அமுக்கினால், பறையை மட்டும் இறக்குவது மாஸ்டரிங்கின் வேலை அல்ல. அங்கே போவது ஒரே ஸ்டீரியோ கோப்புதானே! பறையை இறக்குவதை மிக்ஸிங்கிலேயே முடித்துவிடுங்கள். மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் இருந்தால் எடுத்துவிட்டு, உச்சத்துக்கு மேல் சில டெசிபல் இடம் விட்டு, 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்குச் சமப்படுத்துகிறது. ஆகவே சத்தத்தை முட்ட ஏற்றிப் பயனில்லை. முன்னோட்டத்தை ஹெட்போனிலும் போன் ஸ்பீக்கரிலும் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.