உயிர்க் கயிறு

டெல்லியில் கோல் மார்க்கெட் என்று ஓர் இடம் இருக்கிறது. இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். 1921-ஆம் ஆண்டு கட்டிய கடைக் கட்டடம் அது. தூரத்தில் இருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும். கிட்டே போய் எண்ணினால் பன்னிரண்டு பக்கம் இருக்கும். சுற்றிலும் அரசு ஊழியர் குடியிருப்புகள். பக்கத்தில் மந்திர் மார்க் தெருவில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் உண்டு.

மழை முடிந்து தீபாவளி வருவதற்குள் இங்கே பெயிண்ட் வேலை நிறைய நடக்கும். மாடிச் சுவருக்குச் சாரம் கட்டுவார்கள். சாரம் கட்ட முடியாத சுவரில் பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். இந்திக்காரர்கள் அதை ‘ஜூலா’ என்பார்கள். ஜூலா என்றால் ஊஞ்சல். பெயர்தான் ஊஞ்சல். கயிறு அறுந்தால் கீழே தரைதான்.

விழுப்புரம் பக்கத்து மேஸ்திரி ஒருவர் அங்கே வேலை எடுத்திருந்தார். அவருடைய அக்கா மகன் புதிதாக வேலைக்கு வந்தான். பலகை தொங்கும் கயிற்றிலேயே தன் பெல்ட் கொக்கியையும் மாட்டினான்.

“கழற்று. அந்தக் கயிறு அறுந்தால் பலகையும் விழும், நீயும் விழுவாய். பலகைக்கு ஒரு கயிறு. உன் உயிருக்குத் தனிக் கயிறு” என்றார் மேஸ்திரி.

“அதை எங்கே கட்டுவது, மாமா? தண்ணீர்க் குழாயில் கட்டட்டுமா?”

“குழாய் பிடுங்கிக்கொண்டு வரும். கைப்பிடிச் சுவரும் வேண்டாம். கான்கிரீட் தூணில் கட்டு. பலகைக் கயிறு கட்டிய தூணில் வேண்டாம், வேறு தூணில் கட்டு.”

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அறுபது கிலோ ஆள் சும்மா தொங்கினால் அறுபது கிலோ பாரம்தான். ஆறடி விழுந்து கயிறு இழுத்து நிறுத்தும்போது அந்தப் பாரம் பல மடங்கு ஆகிவிடும். அதனால்தான் கயிறு கட்டும் இடம் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்று அமெரிக்க நாட்டு விதி சொல்கிறது. அது சுமார் 2,270 கிலோ. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை, விழுகிறவரைத் தாங்க அங்கே 1998 முதல் அனுமதிப்பதில்லை. அந்த இழுப்பில் வயிறும் முதுகெலும்பும் சேதமாகும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு பெல்ட்தான் வேண்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும். மூடிய கை நுழையக் கூடாது. முதுகில் இருக்கும் வளையத்தில் கொக்கி மாட்ட வேண்டும். நம் நாட்டு பெல்ட்டில் ஐ.எஸ். 3521 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, வேலை செய்கிறவர் மேலும் கீழும் போய்வர வேண்டுமே? உயிர்க் கயிற்றில் பெல்ட்டை ஒரே இடத்தில் கட்டிவிட்டால் எப்படி நகர்வது? அதற்குத்தான் ‘ரோப் கிராப்’ என்ற இரும்புக் கருவி. மெதுவாக நகர்ந்தால் கயிற்றில் வழுக்கிக்கொண்டு கூடவே வரும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருக்கும் நெம்பு கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

இந்த யோசனை மலையேறுகிறவர்களிடம் முன்பே உண்டு. 1931-இல் ஆஸ்திரியா நாட்டு கார்ல் புருசிக் ஒரு முடிச்சை எழுதிக் காட்டினார். தடித்த கயிற்றில் மெல்லிய கயிற்றைச் சில சுற்று சுற்றுவது. கையால் தள்ளினால் நகரும். பாரம் விழுந்தால் இறுகும். மலையில் அது உதவுகிறது. ஆனால் பெயிண்ட் வேலையில் முடிச்சை மட்டும் நம்பக் கூடாது, கருவி வேண்டும்.

பையன் கருவியைக் கயிற்றில் மாட்டினான். மேஸ்திரி பார்த்துவிட்டு, “அதில் என்ன எழுதியிருக்கிறது, படி” என்றார்.

“ஒரு அம்புக்குறி. பக்கத்தில் இங்கிலீஷில் ‘அப்’.”

“அப் என்றால்?”

“மேலே.” சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தான். அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

தலைகீழாக மாட்டிய கருவி விழும்போது கவ்வாது. நேராக மாட்டினாலும், அதில் எழுதிய தடிமனுள்ள கயிறாக இருக்க வேண்டும். மெல்லிய கயிறு என்றால் வழுக்கிவிடும். மாட்டியதும் தரையில் நின்றபடியே கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். வேலையின்போது கருவி தோளுக்கு மேலே இருக்கட்டும். கருவி கீழே இறங்க இறங்க, விழும் தூரம் கூடும். கயிறு சுவர் விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கை மடித்து வைக்கலாம். ஆசிட் பட்ட கயிறு பார்க்க நன்றாக இருந்தாலும் ஆகாது.

இதெல்லாம் யார் வாங்கித் தருவது? வேலை கொடுப்பவர்தான். பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. கூலியில் பிடித்தால் கேட்கலாம்.

விழுந்தவர் பெல்ட்டில் தொங்கினால் பிழைத்துக்கொண்டார் என்று விட்டுவிடக் கூடாது. அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து. சில நிமிடங்களில் இறக்க வேண்டும். அதுவரை காலை ஆட்டச் சொல்ல வேண்டும். கயிற்றில் ஒரு வளையம் போட்டு இறக்கினால் அதில் கால் ஊன்றிக்கொள்வார். எப்படி இறக்குவது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஒருவரைத் தாங்கிய பெல்ட்டும் கயிறும் மறுபடி வேலைக்கு ஆகாது. அவற்றை அறுத்துத்தான் போட வேண்டும். முழுதாக மூலையில் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.